நீரோட்டம் சண்முகநாதன் கட்டிய பூ

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற இலஞ்சிக்கு வந்து சண்முகநாதன் வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். நீரோட்டம் சண்முகநாதன் என்று கேட்டால் ஒரே வீடுதான். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோப்புக்குள் நடப்பார். நிலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும் இடம் வந்ததும் படுத்திருந்த தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போடுவார். மறுநாள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்து அங்கே துளை போடும். முப்பது வருடமாக இதுதான் அவருக்குத் தொழில்.

தேங்காய் தானாக எழும்புகிறதா, தன் கை எழுப்பிவிடுகிறதா என்பது அவருக்கே தெரியாது. முதல் பத்து வருடம் தேங்காய்தான் என்று நம்பினார். அடுத்த பத்து வருடம் கைதான் என்று சந்தேகப்பட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டார், ஏனென்றால் யோசித்தால் எழும்புவதில்லை. பத்துக்கு ஆறு இடத்தில் தண்ணீர் வந்துவிடும். வராத நாலு இடத்துக்கும் ஒரே பதில் தயாராக வைத்திருப்பார்: "நான் குறி போட்ட இடம் வேற, நீங்க குழி போட்ட இடம் வேற." எழுநூறு அடிக்குக் கீழே வெறும் புழுதி பறக்கிறது என்று செய்தி வருகிற நாளில் அவருடைய போனில் சார்ஜ் இருக்காது.

இப்படிப்பட்ட மனிதர் தரையைப் பற்றி ஊருக்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. உலகத்தில் எங்கே நிலநடுக்கம் வந்தாலும் டீக்கடையில் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டி, "நம்ம ஊருக்கு வராது. நமக்குக் கீழ இருக்கது ஒரே பாறை. நான் பாத்திருக்கேன்லா" என்பார். ஆறு அங்குலக் குழாய்க்குள் எட்டிப் பார்த்ததைத் தவிர அவர் ஒன்றையும் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், வித்யாலட்சுமி. நர்சிங் படித்தாள். பிறகு சென்னையில் தங்கி ஒரு வருடம் ஜப்பான் மொழி படித்தாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு தை மாதத்தில் ஒரு நாள், இஷிகாவா என்ற மாவட்டத்தில் ஒரு கடலோர ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். சண்முகநாதனுக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. அங்கே தரை ஆடும்.

"ஏட்டி, உலகத்துல வேற நாடே இல்லையா? நிக்கதுக்குத் தரை உள்ள நாடாப் பாத்துப் போ."

வித்யா சிரித்தாள். அப்பாவுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, போர் வண்டியில் ஆரம்பித்தாள்.

"அப்பா, போர் போடும்போது பிட்டு முனை பாறை இடுக்குல மாட்டிக்கிடும்லா. அப்ப என்ன செய்வாங்க?"

"மேல இழுப்பாங்க."

"உடனே வந்துருமா?"

"எங்கன வரும்? ராடு முறுக்கிக்கிட்டு நிக்கும். இன்னும் இழுப்பாங்க. வண்டியே முன்னால தூக்கும். ஒண்ணும் அசையாது. நாம போயி டீ குடிச்சிட்டு வரலாம்னு திரும்புவோம், அப்பப் பாத்து விடும். அந்தால வண்டியே குதிக்கும், நின்ன ஆளு விழுவான்."

"அவ்வளவுதாம்ப்பா நிலநடுக்கம்."

பிறகு அவள் சொன்னது அவருக்கு அன்றைக்குப் பாதி புரிந்தது. மீதியைப் பின்னால் அவரே தேடித் தெரிந்துகொண்டார். பூமியின் மேல் ஓடு முழுசாக இல்லை, பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் நகம் வளர்கிற வேகத்தில், சில தட்டுகள் அதைவிடக் கொஞ்சம் வேகமாக, நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜப்பான் இருக்கிற இடத்தில் நாலு தட்டுகள் முட்டிக்கொள்கின்றன. கடலடித் தட்டு வந்து நிலத்தட்டுக்குக் கீழே நுழைகிறது. நுழைகிற வழியில் மாட்டிக்கொள்கிறது. மாட்டினாலும் தள்ளுவது நிற்காது, மேலே இருக்கிற தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நூறு வருடம் அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் பிடி விட்டுப்போகும். அந்த நெருக்கலில் நாட்டுக்கு உள்ளேயும் பாறையில் அங்கங்கே பிளவு விழுந்திருக்கும். சில நேரம் அந்தப் பிளவு நழுவும்.

"அப்ப அந்தத் தீவுல ஏம்ட்டி மனுசன் குடியிருக்கான்?"

"அந்தத் தீவே இந்த முட்டல்ல வந்ததுதாம்ப்பா. தட்டு கீழ போன இடத்துல பாறை உருகித்தான் எரிமலையா மேல வந்திருக்கு. முட்டல் இல்லன்னா அங்க கடல்தான் இருக்கும். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூசிலாந்து எல்லாம் அப்படித்தான், தட்டு ஓரத்துல இருக்கு. நம்ம தட்டும் சும்மாவா இருக்கு? வடக்க போயி இமயமலையில முட்டிக்கிட்டு நிக்கு. நாம நடுவுல இருக்கோம், அதனால தெரியல."

"நம்மளது ஒரே பாறை" என்றார் விடாமல்.

"ஒரே பாறைன்னா உங்களுக்குத் தொழிலே கிடையாதுப்பா. பாறை வெடிச்சு இடுக்கு இருந்தாத்தான தண்ணி ஓடும்? அச்சன்கோவில்ல இருந்து நம்ம பக்கமாப் பழைய பிளவு ஒண்ணு போவுது. ஐம்பது கோடி வருசத்துக்கு முந்துனது. இப்பத் தூங்குது, அவ்வளவுதான்."

முப்பது வருடமாகத் தான் சாப்பிடுகிற சோறு ஒரு பிளவிலிருந்து வருகிறது என்று சண்முகநாதனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீக்கடையில் இதை எப்படி மாற்றிச் சொல்வது என்ற கவலை ஒரு நிமிடம் வந்தது. பிறகு மகளைப் பற்றிய கவலை அதை மூடிக்கொண்டது. அவள் சொன்ன பாடத்தில் அவருக்கு நன்றாகப் புரிந்த இடம் ஒன்றுதான்: எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் பேச்சு முடிவுக்கு வரவில்லை. அவர் மனைவி வடிவாம்பாள்தான் வழி சொன்னாள். இலஞ்சிக் குமாரர் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம், முருகன் சொல்வதை மூன்று பேரும் கேட்போம். வித்யாவும் சரி என்றாள். சாமி வேண்டாம் என்றால் வேலைக்கு வந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சண்முகநாதன் அடுத்துச் செய்ததைச் செய்திருக்க மாட்டார். அவர் பார்க்கவில்லை.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, வித்தியாசம் தெரியாதபடி நூல் சுற்றிச் சாமி பாதத்தில் வைக்க வேண்டும். குருக்கள் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எந்த நிறம் வந்தால் சரி, எந்த நிறம் வந்தால் வேண்டாம் என்பதைக் கேட்கிறவர் மனத்துக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கிற வரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கட்டுகிறவர் வேறாகவும் கேட்கிறவர் வேறாகவும் இருக்க வேண்டும். வடிவாம்பாள் கேட்பது, சண்முகநாதன் கட்டுவது என்று ஆயிற்று.

மனைவி என்ன நினைப்பாள் என்பது அவருக்குத் தெரியும். வீடு கட்டுகிறபோது பூப் பார்த்தார்கள், வித்யாவை நர்சிங்கில் சேர்க்கிறபோது பார்த்தார்கள். இரண்டு முறையும் வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். ஆகவே கோயில் நந்தவனத்துப் பக்கமாக ஒதுங்கி, இரண்டு இலையிலும் சிவப்பு அரளியை வைத்து மடித்தார். விஞ்ஞானத்தோடும் சாமியோடும் ஒரே நேரத்தில் விளையாட இலஞ்சியில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அந்த நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளை நந்தியாவட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குருக்கள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வடிவாம்பாள் நூலைப் பிரித்தாள். சிவப்பு. சண்முகநாதன் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, "சரி, முருகன் உத்தரவு. நாம என்ன செய்ய முடியும்" என்றார்.

"ஆமா, என்ன செய்ய முடியும்" என்று வடிவாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைய அனுப்பிர வேண்டியதுதான்."

"சிவப்புல்லா வந்திருக்கு?"

"சிவப்பு வந்தாப் போகட்டும்னுதான் நினைச்சேன். முருகனுக்கு உகந்தது சிவப்புல்லா. அவன் பிள்ளை கூடப் போயி நிக்கதா இருந்தா அவன் நிறத்தக் குடுக்கட்டும்னு கேட்டேன்."

இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் மானம் போயிருக்கும், மகள் நின்றிருப்பாள். சண்முகநாதன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வித்யா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவள் போக எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. சட்டைப் பைக்குள் இருந்த நந்தியாவட்டை வீட்டுக்கு வருவதற்குள் வாடிவிட்டது.

பங்குனியில் அவள் விமானம் ஏறினாள். சண்முகநாதன் போனில் நிலநடுக்கத்தைச் சொல்லும் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டார். அது ஒரு நாளைக்கு நாலு தடவை கூவியது. ஒருமுறை செங்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தேங்காய் எழும்பப் போகிற நேரத்தில் கூவியது. தேங்காய் அவர் பெருவிரலில் விழுந்தது. போர் வண்டி ஏஜென்ட் முகம்மது சலீம் அதை ஊர் முழுக்கச் சொன்னார். "ஜப்பான்ல பூமி ஆடுச்சு, அண்ணாச்சிக்கு இங்கன நகம் போச்சு." அன்றைக்கே செயலியின் வாயை அடைத்துவிட்டார்.

தரை ஆடுகிற ஒவ்வொரு முறையும் வித்யாவே கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதே சிரிப்போடு இருந்தவள், இருபத்து மூன்று டிசம்பரில் இங்கே பேய்மழை பெய்து வெள்ளம் வந்தபோது ஒரு நாளில் பதினேழு தடவை கூப்பிட்டாள். "நாங்க பாறை மேல இருக்கோம், நீ உன்னயப் பாரு" என்று சண்முகநாதன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ஆங்கில வருடப் பிறப்பு. ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு தோப்பில் இடம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாலை முழுக்கக் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வடமேற்கு மூலையில் அவர் நின்றபோது சலீம் போனைப் பார்த்தபடி வந்தார். எப்போதும் இருக்கிற கிண்டல் அவர் முகத்தில் இல்லை.

"அண்ணாச்சி, பாப்பா இருக்க ஊரு என்ன பேரு சொன்னிய?"

"இஷிகாவா."

சலீம் போனை நீட்டினார். பன்னிரண்டு நாற்பதுக்கு வந்திருக்கிறது. ஏழு புள்ளி ஆறு. கடல் பொங்கும், எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று எச்சரிக்கை. சண்முகநாதன் தன் போனை எடுத்தார். செயலி அதன் கடமையைச் செய்திருந்தது, ஓசையில்லாமல். மகளைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். கையில் இருந்த தேங்காயைக் கீழே வைக்கவும் தோன்றாமல் சலீமின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து இலஞ்சி வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் வடிவாம்பாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"பாத்தியளா? நானும் கூப்பிட்டேன், எடுக்கல. வேலையா இருப்பா."

"வடிவு, ஏழு புள்ளி ஆறுட்டி."

"இருக்கட்டும். முருகன் போன்னு சொல்லி அனுப்புன பிள்ள. அவன் பாத்துக்கிடுவான். நீங்க முதல்ல சாப்பிடுங்க."

அவள் போட்ட சோற்றை அவர் பிசைந்துகொண்டே இருந்தார். முருகன் எதுவும் சொல்லவில்லை என்பது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் கையில் சாம்பாரோடு உட்கார்ந்திருக்கிறான். ஒழுங்காகப் பூக்கட்டியிருந்தால், வெள்ளை வந்திருந்தால், பிள்ளை இந்நேரம் தென்காசியில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். போகாமல் தடுக்கச் செய்த திருட்டுத்தனமே அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறது. இதைவிடச் சுத்தமாக ஒரு முட்டாள்தனத்தை யாராலும் செய்ய முடியாது என்று அவருக்குப் பட்டது.

மூன்று மணிக்கு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வித்யாவின் பழைய பள்ளிக்கூட அட்லஸ் பீரோவில் இருந்தது. ஜப்பான் படத்தைத் தரையில் விரித்து, மடியில் கொண்டுவந்த தேங்காயைக் கையில் படுக்க வைத்து, இஷிகாவாவுக்கு மேலே நீட்டினார். உயிரோடு இருக்கிறாள் என்றால் எழும்பு என்று கேட்டார். தேங்காய் எழும்பியது. ஒரு வினாடி அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு சந்தேகம் வந்து பக்கத்தில் இருந்த வெறும் கடலுக்கு மேல் நீட்டினார். அங்கேயும் எழும்பியது. பீரோவுக்கு நேராக நீட்டினார். அதற்கும் எழும்பியது. முப்பது வருடக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. கை நடுங்கினால் தேங்காய் எழும்பும், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். வடிவாம்பாள் இரண்டு வார்த்தை பேசியதுமே "முருகா" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள். அவர் போனைப் புறவாசலுக்குக் கொண்டுபோனார்.

"நல்லா இருக்கேம்ப்பா. போன் லாக்கர்ல மாட்டிக்கிட்டு. லிப்ட் நின்னுட்டு. கடல் வரும்னு சொன்னதால எல்லாரையும் மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஒரு பாட்டி என் கையவே விடல. எனக்கும் பயந்தான். ஆனா ஒண்ணு மட்டும் நினைச்சுக்கிட்டேன். இங்கன போன்னு சொன்னதே முருகன்தான, அவன் சும்மா விட்டுருவானான்னு. இங்க ஒவ்வொரு தடவ ஆடும்போதும் அத நினைச்சுக்கிட்டுத்தாம்ப்பா நிக்கேன்."

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உண்மையைச் சொல்லிவிடுவதாக மத்தியானமே அவர் நேர்ந்திருந்தார். சொல்லிவிட்டால் தன் நெஞ்சுக்குள் இருக்கிற பாரம் இறங்கும் என்று மட்டும்தான் யோசித்திருந்தார். நேர்ந்தபடி செய்தார்.

"யம்மா, அது முருகன் சொல்லல. ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புதான் வச்சேன். நீ போகக்கூடாதுன்னு வச்சேன். எதைத் தொட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அப்ப அவன் ஒண்ணுமே சொல்லலையாப்பா?"

சின்ன வயதில் மின்சாரம் போனால் இருட்டில் கூப்பிட்டுக் கேட்பாளே, அந்தக் குரல். சண்முகநாதனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆடுகிற ஊரில் அவளுக்கு ஆடாமல் இருந்தது அந்த ஒன்றுதான். தன் பாரத்தை இறக்கி வைக்க வேறு இடம் கிடைக்காமல், அதையும் அவள் காலுக்குக் கீழே இருந்து உருவியாயிற்று.

"இருங்கப்பா, ஆடுது."

பாத்திரங்கள் கடகடவென்று மோதுவதும், வயதான குரல்கள் ஏதோ சொல்வதும் கேட்டது. வித்யா அவர்களிடம் அந்த ஊர்ப் பேச்சில் நிதானமாக ஏதோ சொன்னாள். சண்முகநாதன் புறவாசல் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆடுவது இலஞ்சி என்பது போல.

"ஆடுனது நின்னுட்டு" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணும் ஆகல. அவன நினைக்காமலே நின்னுட்டேன்."

"என்ன மன்னிச்சிரும்மா."

"அதெல்லாம் அப்புறம் வச்சு உங்களப் பேசிக்கிடுதேன். இப்ப ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. இத அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க. நான் இங்கன எப்படியும் நின்னுக்கிடுவேன். அவளுக்கு நிக்க வேற இடம் கிடையாது."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். வடிவாம்பாள் விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயிலில் பிரித்த அந்தச் சிவப்பு அரளியைப் பூசைத் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். காய்ந்து கறுத்துப்போன அதை அவள் இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

"என்ன சொல்லுதா?"

"நல்லா இருக்காளாம். உன்னயப் பயப்பட வேண்டாம்னு சொன்னா."

"நான் எங்க பயந்தேன்? நீங்கதான் பேயறஞ்ச மாதிரி திரிஞ்சிய." திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டாள். "அன்னைக்கு வேற யாராவது கட்டியிருந்தா எப்படி வந்திருக்குமோ. நீங்க கட்டுனதுக்குத்தான் அவன் நல்ல வாக்குக் குடுத்தான்."

சொல்லிவிட்டு அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.